காலிக் குழாயின் துடிப்பு

ஹானர்ஸில் சேரப் போகிறாயா இல்லையா என்று அந்த வாரம் என்னைக் கேட்காத ஆள் கிடையாது. வகுப்பில் கேட்டார்கள், கேன்டீனில் கேட்டார்கள், பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாள்கூட என் கையில் இருந்த படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். எங்கள் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவில் நூற்றிருபது பேர். அதில் எட்டுப் பேருக்குத்தான் அந்தப் படிவமே வரும். ஏழு பேர் வாங்கிய கையோடு நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். எட்டாவது ஆள் நான்.

ஹானர்ஸ் என்றதும் என்னவோ ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் படிக்கிற பாடத்தோடு இன்னும் நான்கு பாடம், கடைசி ஆண்டில் ஓர் ஆய்வேடு, பட்டச் சான்றிதழில் ஒரு வரி கூடுதல். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காரர்களுக்குத் தனி அறை உண்டு. அதில் ஒரு சோபா, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு காபி மெஷின், ஒரு வெள்ளைப் பலகை. பலகையில் யாரோ எந்தக் காலத்திலோ எழுதிய சமன்பாடு ஒன்று இருக்கும். பக்கத்திலேயே 'அழிக்காதீர்' என்று எழுதியிருக்கும். அது என்ன சமன்பாடு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்கு மற்றவர்களுக்குக் கறுப்பு நாடா, இவர்களுக்கு மட்டும் நீலம். அது சட்டைப் பைக்குள் போய் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதிலேயே இவர்களுக்குப் பாதி மூளை செலவாகிவிடும். நாங்கள் இவர்களுக்கு வைத்திருந்த பெயர் 'முலாம்'. தங்கம் என்று சொல்ல மனம் வரவில்லை.

என் அண்ணனும் அதே கல்லூரியில் முலாமாக இருந்தவன்தான். படித்து முடித்து ஐந்து வருடம் ஆகிறது. அவனுடைய சான்றிதழ் சட்டம் போட்டு எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ அதற்குக் கீழே. வருகிறவர்களை அம்மா உட்காரவைக்கும் நாற்காலி அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் போடப்பட்டிருக்கும். வந்தவர் தானாகப் படித்துவிட்டு விசாரிக்க வேண்டும். விசாரிக்கவில்லை என்றால் அம்மா, "வெளிச்சம் பத்துதா, லைட்டைப் போடட்டுமா?" என்பாள்.

அண்ணன் இப்போது ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அளக்கிற கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கிற பிரிவு. அந்த வேலை அவனோடு வீட்டுக்கும் வந்துவிடும். சாயங்காலம் அம்மாவுக்குப் பி.பி. பார்ப்பான். கையில் பட்டையைச் சுற்றுவதற்கு முன் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவான். ஃபேனை நிறுத்துவான். என்னை நடமாட விடமாட்டான். அம்மா கையை நீட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி, "ஹானர்ஸ் படிச்ச மூளை. நமக்கெல்லாம் இது தோணுமா?" என்பாள். எனக்கு அது சுத்தக் கோமாளித்தனமாகத் தெரியும். "பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜையும் நிறுத்தச் சொல்லிட்டு வரட்டுமா?" என்று ஒருநாள் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

ஒன்றை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அந்த நீல நாடா வேண்டும். நாடாகூட இரண்டாம்பட்சம், ஹானர்ஸ்காரர்களுக்கு ஆய்வகச் சாவி கொடுப்பார்கள், அது வேண்டும். மணியடித்ததும் வெளியே விரட்டப்படாமல் ஓர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஆனால் அந்த ஏழு பேருக்குச் சமமாக நிற்க முடியுமா என்ற பயமும் இருந்தது. சேர்ந்து தோற்றால் மானம் போகும். சேராமல் கிண்டல் செய்துகொண்டே இருந்துவிட்டால் கெட்டிக்காரி என்ற பெயராவது மிஞ்சும். நான் கிண்டலை நன்றாகச் செய்வேன்.

முடிவெடுக்காதவர்களுக்காக 'பழகும் வாரம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஐந்து நாள் ஒரு சீனியரோடு ஆய்வகத்தில் இருக்க வேண்டும். எனக்கு வாய்த்த சீனியருக்கு அடிக்குறிப்பு என்று பட்டப்பெயர். அவன் எதைச் சொன்னாலும் அது எந்த ஆய்வேட்டில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்வான். மழை வருகிறது என்றால்கூட யார் சொன்னது என்று கேட்கிற ரகம்.

ஆய்வகம் ஹானர்ஸ் அறைக்கு அடுத்தது. நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டி ஒரு நீளமான இரும்புக் குழாய் ஓடும். தொட்டியிலிருந்து பம்ப் தண்ணீரை எடுத்துக் குழாய்க்குள் அனுப்பும், தண்ணீர் சுற்றி மறுபடி தொட்டிக்கே வரும். குழாயின் நடுவில் அழுத்தத்தை அளக்கும் ஒரு சென்சார். அதைத் தாங்கும் இரும்புப் பட்டையைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். சென்சார் அளப்பது திரையில் ஒரு கோடாக ஓடும். கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, எந்தக் காரணமும் இல்லாமல், நடுங்க ஆரம்பிக்கும். சில நிமிடம் நடுங்கும். பிறகு அடங்கிவிடும்.

"இதுதான் தன்னிச்சைத் துடிப்பு," என்றான் அடிக்குறிப்பு, குழந்தையை அறிமுகப்படுத்துகிற மாதிரி. "நீரோட்டத்துக்குள்ள தானா உருவாகுது. இதை முதல்ல கண்டுபிடிச்சது உன் அண்ணன். தெரியும்ல? அதுக்கப்புறம் அஞ்சு பேட்ச் இதையே எடுத்துட்டுப் போறோம்."

ஐந்து பேட்ச்சும் ஐந்து ஆய்வேடு எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி நன்றியுரை. ஒன்றில், வெயில் காலத்தில் துடிப்பு அதிகம் என்று அறுபது பக்கம். இன்னொன்றில், காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் துடிப்பு அடிக்கடி வருகிறது என்று வண்ண வண்ண அட்டவணைகள். அது ஏன் என்று கேட்டேன்.

"ஊர்த் தண்ணி சப்ளையோட அழுத்தம் அந்த நேரத்துல மாறுது. மூணாவது ஆய்வேடு, எழுபத்தி ரெண்டாம் பக்கம்."

"ஆனா இந்தத் தண்ணி தொட்டியிலேருந்துதானே வருது? ஊர்த் தண்ணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது எதிர்கால ஆய்வுக்குன்னு விட்டிருக்கோம்," என்றான்.

புதன்கிழமை காலை கோடு நேராக ஓடியது. ஒன்பது மணிக்கும் நேர், பத்து மணிக்கும் நேர், பன்னிரண்டு மணிக்கும் வாய்க்கால் வரப்பு மாதிரி நேர். அடிக்குறிப்பு சென்சாரை இரண்டு தட்டுத் தட்டினான். ஒயரை ஆட்டிப் பார்த்தான்.

"சென்சார் சரியில்ல. இந்த மாதிரி நாள் வருஷத்துக்கு ரெண்டு மூணு வரும். இன்னைக்கு எடுத்த ரீடிங் எல்லாத்தையும் அழிச்சுடு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

நான் அழிக்கவில்லை. நல்ல புத்தி என்று சொல்ல முடியாது, சோம்பேறித்தனம்தான். அப்போது லேப் அக்கா உள்ளே வந்தார். ஆய்வகத்துச் சாமான்களையும் பக்கத்து அறையையும் பார்த்துக்கொள்பவர் அவர். ஒரு கையில் துடைப்பான், இன்னொரு கையில் ஒரு பால் பாக்கெட்டை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்.

"காலையில தரை துடைக்கிறப்ப ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன், மாட்ட மறந்துட்டேன். பால் கெட்டு நாறுது. எட்டு மணியிலேருந்து ஏழெட்டுப் பேர் போயிட்டு வந்துட்டு இருக்காங்க, ஒருத்தர் கண்ணுலயாவது பட்டுச்சா? இவங்க ஆராய்ச்சி பண்றாங்களாம்."

"இப்போ மாட்டியாச்சா அக்கா?"

"இப்பத்தான் மாட்டிட்டு வரேன்."

கோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். அந்தச் சின்ன ஃப்ரிட்ஜ், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பொதுக்கூட்டத்தில் பேசுகிற மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பி வந்தேன். கோடு நேர். மறுபடி போய் மாட்டினேன், வந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம். நான்கு முறை போய் வந்தேன். ஃப்ரிட்ஜின் உதறல் சுவர் வழியாக இரும்புப் பட்டைக்கு வந்து சென்சாரை ஆட்டுகிறது. வெயில் காலத்தில் துடிப்பு அதிகம், ஏனென்றால் வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜ் அதிகம் ஓடும். பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் துடிப்பு அடிக்கடி, ஏனென்றால் அப்போதுதான் எல்லா முலாமும் வரிசையாக வந்து காபிக்குப் பால் எடுக்கக் கதவைத் திறப்பார்கள். அறுபது பக்கம். வண்ண அட்டவணை. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது.

இருந்தாலும் தண்ணீருக்கும் இதில் பங்கு இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. குழாயில் தண்ணீரே இல்லாமல் பார்த்துவிட்டால் அதுவும் தீர்ந்துவிடும். பம்பை நிறுத்தி, அடி வால்வைத் திறக்கப் போனேன்.

"வடிக்கப் போறியா?" என்றார் லேப் அக்கா. "திரும்ப நிரப்ப நாப்பது நிமிஷம் ஆகும். உள்ள இருக்கிற காத்தை எடுக்கிறது அதுக்கு மேல. தரையெல்லாம் தண்ணி ஆகும். அதனாலதான் யாரும் அது பக்கமே போறதில்ல."

"தரையை நான் துடைச்சுடறேன் அக்கா."

வடித்தேன். கடைசிச் சொட்டும் போனது. காலிக் குழாய். பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் உறும ஆரம்பித்தது. திரையில் நீரோட்டத்தின் தன்னிச்சைத் துடிப்பு, ஒரு சொட்டு நீரும் இல்லாமல், கன ஜோராக ஓடியது. நான் படம் எடுத்துக்கொண்டேன்.

"அஞ்சு வருஷமா ஒருத்தர்கூடவா வடிச்சுப் பார்க்கல?" என்றேன், துடைத்துக்கொண்டே.

"ஒருத்தர் பார்த்தாங்க. உன் அண்ணன்தான்," என்றார் லேப் அக்கா. "அவங்க வைவாவுக்கு முந்தின நாள். வடிச்சுட்டு அந்தத் திரையையே பார்த்துட்டு ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்துச்சு அந்தத் தம்பி. அப்புறம் அதுவே நிரப்பி வெச்சுட்டுப் போயிடுச்சு. தரையைக்கூடத் துடைச்சுது. அதனாலதான் எனக்கு ஞாபகம் இருக்கு."

என் சிரிப்பு அப்படியே நின்றது.

மறுநாள் காலை ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கப் போனேன். ஹானர்ஸ் திட்டத்துக்குப் பொறுப்பான பேராசிரியர். எந்நேரமும் எங்கோ கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர் மாதிரி நின்றபடியே பேசுவார். இரண்டு படத்தையும் மேசைமேல் வைத்தேன். ஒன்று, ஃப்ரிட்ஜ் ஓடாதபோது, ஓடுகிற தண்ணீர். இன்னொன்று, ஃப்ரிட்ஜ் ஓடும்போது, காலிக் குழாய். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். புரியாத ஆள் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான்.

"நல்லா கவனிச்சிருக்கேம்மா," என்றார். "நீ சேர்ந்துட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"அதான் பார்த்தேன். சேராதவங்க இதைச் சொன்னா வயித்தெரிச்சல்னு சொல்லிடுவாங்க. சேர்ந்ததுக்கு அப்புறம் சொல்லு, எல்லாரும் கேட்பாங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா சேர்ந்தவங்க சொல்றதில்ல," என்று சிரித்தார். நகைச்சுவை செய்துவிட்டதாக நினைப்பு. "எதுக்கும் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கோ. இதை ஆரம்பிச்சு வெச்சது உன் அண்ணன். அவர் பட்டத்துல அந்த வரி இதுக்காகக் கொடுத்தது. யோசிச்சுப் பேசு."

படத்தை என் பக்கமாகத் தள்ளிவிட்டார், ஒரு விரலால், எச்சில் தட்டைத் தள்ளுவதுபோல.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். சேராமல் இருந்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. காலம் முழுக்க முலாம், முலாம் என்று கிண்டல் செய்துகொண்டு திரியலாம். காரணமும் கையில் இருக்கிறது. சேர்ந்து வாயை மூடிக்கொண்டால் சாவி கிடைக்கும், ஆறாவது ஆய்வேடு எழுதலாம், அம்மா இன்னொரு ஆணி அடிப்பாள். சேர்ந்து வாயைத் திறந்தால் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பதை நானே கல்லால் அடித்த மாதிரி ஆகும். மூன்றில் இரண்டு வழி கோழைத்தனம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதுவரை நான் பிடித்துக்கொண்டிருந்ததும் அதில் ஒன்றுதான். படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்து நிரப்ப ஆரம்பித்தேன். 'ஆய்வுத் தலைப்பு' என்ற இடத்தில், 'காலிக் குழாயில் துடிப்பு: அடுத்த அறை ஃப்ரிட்ஜின் விளைவு' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'இத்தலைப்பில் முந்தைய ஆய்வுகள்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டேன். அதற்கும் கீழே பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. அப்பா வெளியூர் வேலை. எங்கள் வீட்டில் கையெழுத்து என்றால் அண்ணன்தான்.

அன்று சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டான். அம்மா ஹாலில் சான்றிதழைப் பார்த்த நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்தாள். அவன் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தான். நானும் பின்னாலேயே போனேன்.

"குழாயை வடிச்சுப் பார்த்தேன்," என்றேன்.

அவன் கை பிளக்கின்மேல் இருந்தது. அதைப் பிடுங்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"லேப் அக்கா சொன்னாங்களா?" என்றான்.

"சொன்னாங்க. தரையைத் துடைச்சதையும் சொன்னாங்க."

நிமிர்ந்து நின்றான். முகத்தில் ஈரம் காயவில்லை. "மறுநாள் காலையில வைவா. அம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் பண்ணி முடிச்சுட்டாங்க. நான் என்ன பண்ண முடியும்? அடுத்த பேட்ச்சுல எவனாவது வடிச்சுப் பார்ப்பான், அவனே கண்டுபிடிச்சு சொல்லட்டும்னு விட்டுட்டேன். ஒருத்தன் பார்க்கல. அஞ்சு பேட்ச். ஒவ்வொரு வருஷமும் புது ஆய்வேடு எனக்கு ஒரு காப்பி அனுப்புவாங்க. நன்றியுரையில என் பேர் இருக்கும்."

"ஊருக்குள்ள எல்லா மீட்டரும் சரியா ஓடுதான்னு பார்க்கிற ஆளு. அஞ்சு வருஷமா அம்மாவை ஃபேன் இல்லாம புழுங்க விட்டு, வீட்டுல இருக்கிற எல்லா பிளக்கையும் பிடுங்கற. பிடுங்க வேண்டிய ஒரே ஒரு பிளக் அங்க இருந்துச்சு."

சொல்லும்போது ருசியாக இருந்தது. சொல்லி முடித்ததும் இல்லை. அவன் பதிலுக்கு என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படிவத்தை ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்து, பேனாவையும் வைத்தேன். "நாளைக்கு நாலு மணிக்குள்ள கொடுக்கணும். நீ கையெழுத்துப் போட்டா சேருவேன். போடலைன்னா சேர மாட்டேன். யார்கிட்டயும் எதுவும் சொல்லவும் மாட்டேன்."

தலைப்பைப் படித்தான். மறுபடியும் படித்தான். ஹாலிலிருந்து அம்மா, "என்னடா, ஆச்சா? கை வலிக்குது," என்றாள்.

"வரேம்மா," என்றான். பிறகு விரலைக் காலிக் கட்டத்தின்மேல் வைத்து, "இது ஏன் எழுதல?" என்றான்.

"உனக்காகத்தான் விட்டேன்."

"இது தப்பு. இதைக் காலியா விட்டா படிவத்தையே திருப்பி அனுப்பிடுவாங்க."

பேனாவை எடுத்து, தன் ஆய்வேட்டின் தலைப்பை, தன் பெயரை, வருடத்தை, ஒன்றையும் சுருக்காமல் எழுதினான். அதன் முடிவு தவறு என்று ஒரு வரி சேர்த்தான். பிறகு கீழே கையெழுத்துப் போட்டான். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்ததால் எழுத்து கொஞ்சம் நெளிந்திருந்தது. நான் கேலியாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டேன்.

அவன் ஹாலுக்குப் போனான். பிளக்கைப் பிடுங்கவில்லை, ஃபேனையும் நிறுத்தவில்லை. அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினான். மெஷின் காற்றை இழுத்து, விட்டு, எண்ணைக் காட்டியது. முந்தின நாள் காட்டிய அதே எண்தான்.

"ஃபேன் ஓடுது, ஃப்ரிட்ஜும் ஓடுது, அதே அளவுதானே வருது," என்றாள் அம்மா. "அப்போ இத்தனை வருஷமா எதுக்குடா எல்லாத்தையும் நிறுத்தினே?"

அண்ணன் இன்னொரு நாற்காலியை இழுத்து, சான்றிதழுக்கு முதுகைக் காட்டி, அம்மாவுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"சொல்றேம்மா," என்றான்.